ஹாஸ்டல் ரூமுக்கு ஒரு ஸ்டூடியோ மைக்

மைக் வாங்கணும்னு கிளம்புற எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "எது பெஸ்ட் மைக்?" அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு, இதுக்குப் பதில் சொல்லுங்க: உங்க ரூம்ல ஃபேன் போடாம எத்தனை நிமிஷம் உட்கார முடியும்? ஏப்ரல் மாசச் சென்னையில என்னால ஒரு பாட்டு முழுசா தாக்குப்பிடிக்க முடியும். ரெண்டாவது டேக்னா கஷ்டம்தான். சிரிக்காதீங்க. எந்த மைக் வாங்கணும்ங்கறதைத் தீர்மானிச்சதுல பாதிப் பங்கு அந்த ஃபேனுக்கு இருக்கு. எப்படின்னு சொல்றேன்.

நாங்க நாலு பேரு. ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் புல்லாங்குழல், ஒருத்தன் மிருதங்கம், நான் கிட்டார். எல்லாரும் இறுதியாண்டு. சொந்தமா மெட்டுப் போட்ட பாட்டு ஆறு கையில இருக்கு. மே மாசத்துக்கு அப்புறம் ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் கோவை, ஒருத்தன் மேல்படிப்புன்னு திசைக்கு ஒண்ணா போயிடுவோம். அதுக்குள்ள இந்த ஆறு பாட்டையும் ஒழுங்கா பதிவு பண்ணிடணும்னு ஆசை. ஆளுக்கு 4,000, மொத்தம் 16,000 ரூபாய். என்னோட பங்கு மெஸ் ரீஃபண்ட் காசு, வலிக்காம வந்தது. பாடுறவனோட பங்கு அப்படியில்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல கேட்டரிங் ஆளுங்களோட போய்ப் பந்தி பரிமாறிச் சேர்த்தது. ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய்னா, எட்டு முகூர்த்தம். அந்தக் காசை வெச்சுக்கிட்டு, "யூடியூப்ல சொன்னாங்க மச்சி"ன்னு எதையாவது ஆர்டர் போட எனக்கு மனசு வரல. அதனால மூணு வாரம் டேட்டாஷீட்டா படிச்சேன். செமஸ்டருக்குக்கூட அப்படிப் படிச்சதில்ல.

"போன்லயே ரெக்கார்ட் பண்ணலாமே?"ன்னு கேட்பீங்க. ரெண்டு வருஷமா அதைத்தான் பண்ணோம். போன்ல இருக்கிற மைக் அவ்வளவு மோசம் இல்ல. அதுக்குப் பின்னாடி இருக்கிற மென்பொருள்தான் தொல்லை. அது பேச்சுக்காக எழுதப்பட்டது. மாறாம ஒரே சீரா வர்ற சத்தம் எதுவா இருந்தாலும் அதை 'இரைச்சல்'னு நினைச்சு அமுக்கப் பார்க்கும். ஏ.சி. சத்தத்துக்கு அது சரி. ஆனா சுருதிப் பெட்டியும் மாறாம ஒரே சீராத்தானே ஒலிக்குது? பாட்டு ஆரம்பிச்சு அஞ்சு விநாடியில சுருதி மெல்ல மெல்லக் காணாமப் போகும். நீளமா ஒரு கார்வை பிடிச்சா அதுவும் நடுவுல தேயும். இதோட, சத்தம் கூடினா தானாவே குறைக்கிற வேலையும் நடக்கும். எங்க பாடகன் தர்மபுரிப் பக்கம். சின்ன வயசுல இருந்து விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவன். கடைசி வரிசைக் கிழவி வரைக்கும் கேட்கிற தொண்டை அது. மேல் ஸ்தாயிக்கு அவன் போறப்போ போன் பயந்து போய் மொத்தத்தையும் அமுக்கிடும். அந்தப் பதிவைக் கேட்ட ஒருத்தர், "குரல் தட்டையா இருக்கேப்பா"ன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் ஒரு மாசம் இவன் பதிவுன்னாலே நழுவ ஆரம்பிச்சான். அவர் கேட்டது இவன் குரலையே இல்லன்னு எப்படிப் புரியவைக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம பட்ஜெட்டுல ரெண்டே சாதிதான்: டைனமிக், கண்டென்சர்.

டைனமிக்ங்கறது ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்ட மாதிரி. மெல்லிய சவ்வு, அதுல ஒட்டின கம்பிச் சுருள், சுத்தி காந்தம். குரல் பட்டு சவ்வு அசைஞ்சா சுருள் அசையும், மின்னழுத்தம் பிறக்கும். பிளஸ் டூவுல படிச்ச ஃபாரடேதான், வேற ஒண்ணுமில்ல. மேடையில ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒண்ணு பார்த்திருப்பீங்களே, ஷூர் எஸ்எம்58, அது இந்த வகை. 1966-ல வந்தது, இன்னிக்கும் விக்குது. கீழே போட்டாலும் பாடும்.

கண்டென்சர்ல சுருள் கிடையாது. ஒரு மெல்லிய படலம், அதுக்குப் பின்னாடி ஒரு தகடு, ரெண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். படலம் அசைஞ்சா இடைவெளி மாறும், கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதுவே சிக்னல். 1916-ல ஈ.சி. வென்டே உருவாக்கினது. படலம் ரொம்ப லேசு, சுருளைச் சுமக்க வேண்டியதில்ல, அதனால மீட்டின கம்பியோட நுனிச் சத்தம், மூச்சு, விரல் உரசுறது எல்லாத்தையும் பிடிக்கும். ஆனா உள்ள இருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு வெளியில இருந்து மின்சாரம் வேணும். அதுதான் 48 வோல்ட் ஃபேன்டம் பவர். சிக்னல் போற ரெண்டு கம்பியிலயும் சமமா 48 வோல்ட் அனுப்புறாங்க. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பூஜ்யம், அதனால சிக்னலுக்கு எதுவும் ஆகாது. இதே காரணத்தால நல்ல கேபிள்ல டைனமிக் மைக்கை மாட்டிட்டுத் தெரியாம 48 வோல்ட் பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. இ.சி.இ. மக்கள் ஒரு நிமிஷம் நின்னு இதை ரசிக்கலாம்.

இடையில ஒரு வதந்தியையும் தீர்த்துடுறேன். "எலெக்ட்ரெட்னா மட்டமான மைக்"னு ஒரு பேச்சு உண்டு. 1962-ல பெல் ஆய்வகத்துல கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் கண்டுபிடிச்சது, மின்னூட்டத்தைப் பொருளுக்குள்ளயே நிரந்தரமா பூட்டி வைக்கிற கண்டென்சர். நம்ம இயர்போன் மைக் பலதுலயும் இருக்கிறது அதுதான். ஆடியோ டெக்னிகா ஏடி2020 ஒரு சுத்தமான ஸ்டூடியோ மைக், அதுலயும் நிரந்தர மின்னூட்டம்தான். சாதியைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க.

எண்ணுன்னா எது? முதல்ல சென்சிட்டிவிட்டி. 94 டெசிபல் ஒலி வந்தா எத்தனை மில்லிவோல்ட் தரும்ங்கற கணக்கு. எஸ்எம்58 ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். ஏடி2020 ஏறத்தாழ 14. ஏழரை மடங்கு, அதாவது 17.5 டெசிபல் வித்தியாசம். கிட்ட நின்னு கத்திப் பாடுறவனுக்கு இது பெரிய விஷயமே இல்ல. ஆனா ஒரு அடி தள்ளி வீணையோ புல்லாங்குழலோ மெதுவா வாசிச்சா, டைனமிக்குக்கு கெயின் குமிழை முக்கால்வாசிக்கு மேல திருகணும். மலிவான இன்டர்ஃபேஸ்ல அவ்வளவு திருகினா 'உஸ்ஸ்ஸ்'னு மண் கொட்டுற சத்தம் கூடவே வரும். யூடியூபர் எல்லாரும் முகத்துக்கு முன்னாடி வெச்சிருக்கிற எஸ்எம்7பி-க்கு இந்தப் பசி இன்னும் அதிகம். குறைஞ்சது 60 டெசிபல் கெயின் வேணும்னு ஷூர் கம்பெனியே சொல்லுது. "மைக்கேல் ஜாக்சன் 1982-ல த்ரில்லர் ஆல்பத்தை அதோட அண்ணன் எஸ்எம்7-லதான்டா பாடினார்"னு எங்க மிருதங்கக்காரன் வாதாடினான். உண்மைதான். ஆனா அந்த ஸ்டூடியோவுல மூணாவது மாடியில தண்ணி மோட்டார் ஓடலயே!

ரெண்டாவது எண், செல்ஃப் நாய்ஸ். மைக் தனக்குள்ளயே உண்டாக்குற இரைச்சல். ஏடி2020-க்கு 20 டெசிபல். ஆஸ்திரேலியாவோட ரோட் கம்பெனி என்டி1-ஏ-வுக்கு வெறும் 5 டெசிபல், உலகத்துலயே ரொம்ப அமைதியான மைக்குகள்ல அதுவும் ஒண்ணு. விலை நமக்கு எட்டாது, இரவல்னு ஒரு சீனியர் கிட்ட கேட்கலாம்னு யோசனை ஓடுச்சு. அப்பத்தான் ஃபேன் குறுக்க வந்துச்சு. போன்ல டெசிபல் அளக்குற ஆப் போட்டுப் பார்த்தேன். துல்லியம் இல்ல, ஒரு குத்துமதிப்புக்குத்தான். ஃபேன் ஓடினா 48. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ரூம்மேட்டை மூச்சு விடாதன்னு மிரட்டினா 33. ஆக, அறையே 33-ல இரைஞ்சுட்டு இருக்கிறப்போ மைக் 20-ல இரைஞ்சா என்ன, 5-ல இரைஞ்சா என்ன? அந்த 15 டெசிபலுக்கு நாம கொடுக்கிற காசு முழுக்கக் காத்துல போகும். அமைதியான அறை கிடைச்சவங்களுக்கு என்டி1-ஏ தங்கம். நமக்கு அது சைக்கிளுக்கு மாட்டின விமான எஞ்சின்.

மூணாவது, டேட்டாஷீட்டுல போட்டிருக்கிற '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்'. அதை அப்படியே நம்பாதீங்க. எத்தனை டெசிபல் ஏத்த இறக்கத்துக்குள்ளங்கறது பக்கத்துல இல்லன்னா அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. படமா வரைஞ்ச வளைகோடு இருக்கான்னு பாருங்க. எஸ்எம்58-ஓட கோடு 50-ல ஆரம்பிச்சு 15,000-ல முடியும்னு நேர்மையா போட்டிருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன்ல வர்ற 'ஸ்டூடியோ கண்டென்சர் செட்'ல நாலு ஸ்டிக்கர் இருக்கும், வளைகோடு இருக்காது. அதை லேப்டாப்போட ஹெட்போன் துளையில சொருகச் சொல்லுவாங்க. அந்தத் துளை தர்றது சில வோல்ட்தான், 48 இல்ல. பேசுறதுக்குப் போதும், கர்நாடக இசைக்குப் போதாது.

யு.எஸ்.பி. மைக்? பாட்காஸ்ட் பண்றவங்களுக்கு நல்லது, ஒரே வயர், தலைவலி இல்ல. ஆனா நாளைக்கு ரெண்டாவது மைக் சேர்க்கணும்னாலோ, மைக்கை மட்டும் மாத்தணும்னாலோ முழுசையும் தூக்கிப் போடணும். நாங்க அதோட நிறுத்திக்கிட்டோம்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. 16,000 இருக்குன்னா 16,000-க்கு மைக் இல்ல. இன்டர்ஃபேஸ் வேணும், எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வேணும், ஸ்டாண்டு வேணும். நாங்க போட்ட கணக்கு: மைக்குக்கு ஒன்பதாயிரம் வரைக்கும், பெரிங்கர் யூஎம்2 மாதிரி 48 வோல்ட் தர்ற சின்ன இன்டர்ஃபேஸுக்கு ஐயாயிரத்துக்குள்ள, கேபிளும் ஸ்டாண்டும் சேர்த்து ஆயிரத்தைநூறு. மீதி டீ. கேபிளை ரிச்சி தெருவுல கனெக்டரைக் கழட்டிக் காட்டச் சொல்லி வாங்கினேன். உள்ள மூணு பின்னுக்கும் கம்பி ஒழுங்கா பத்த வெச்சிருக்கான்னு கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். பாப் ஃபில்டருக்குக் காசே செலவு பண்ணல. எம்பிராய்டரி வளையத்துல நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டினோம். சொல்லப்போனா தமிழ்ப் பாட்டுக்கு அந்தத் தொல்லை கொஞ்சம் கம்மி. உள்ளங்கையை வாய் முன்னாடி வெச்சு 'பேப்பர்'னு ஆங்கில உச்சரிப்புல சொல்லுங்க, காத்து அடிக்கும். 'பல்லவி'ன்னு சொல்லுங்க, அவ்வளவா அடிக்காது. நம்ம 'ப' அடக்கமான எழுத்து. ஆனா வேகமான பாட்டுல அதுவும் அடக்கத்தை மறந்துடும், அதனால சாக்ஸ் இருக்கட்டும்.

கடைசியில போட்டி ஏடி2020-க்கும் எஸ்எம்58-க்கும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் இரவல் வாங்கிச் சோதிச்சோம். எஸ்எம்58 கல்லூரி ஆடிட்டோரியத்துல இருந்து, ஏடி2020 சர்ச் கொயர்ல வாசிக்கிற ஒரு சீனியர்கிட்ட இருந்து. ஒரே பாட்டு, ஒரே இரவு, ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குச் சமன் பண்ணி, 'ஒண்ணு', 'ரெண்டு'ன்னு மட்டும் பேர் வெச்சோம். சத்தத்தைச் சமன் பண்றது முக்கியம். இல்லன்னா எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லதுன்னு காது தீர்ப்பு சொல்லிடும்.

நாங்க நாலு பேரும் ரெண்டுக்கு ரெண்டுன்னு பிரிஞ்சு நின்னோம். பாடகன் அவங்க அம்மாவுக்கு ரெண்டையும் வாட்ஸப்ல அனுப்பினான். எதுன்னு சொல்லல. அரை மணி கழிச்சு போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டான்.

"கண்ணு, மொத பாட்டு நல்லா கணீர்னு இருக்குது. ரெண்டாவதுல ஏன் சாமி இப்படி மூச்சு வாங்குற? ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா? நேரத்துக்குச் சாப்புடுறியா?"

ரெண்டாவது, ஏடி2020. இவன் வரிக்கு நடுவுல இழுக்குற மூச்சு தர்மபுரி வரைக்கும் போயிருக்கு! "அப்ப எதும்மா என் குரல் மாதிரி இருக்கு?"ன்னு கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ரெண்டாவதுதான். நீ பக்கத்துல குந்திக்கினு பாடறாப்புல இருக்குது. அதனாலதான் கேட்டேன், சாப்புடுறியான்னு."

இதுக்கு மேல என்ன டேட்டாஷீட் வேணும்? ஆனாலும் பொறியாளர்னு ஒரு மானம் இருக்கே, காரணம் சொல்லிடுறேன். நேர்மையா பார்த்தா இவனோட திறந்த தொண்டைக்கு எஸ்எம்58 நல்லாவே பொருந்துச்சு, கூர்மையை அதுவே கொஞ்சம் வழிச்சு விட்டுடுச்சு. பாட மட்டும் ஒரு மைக்னா நான் அதைத்தான் வாங்கச் சொல்லுவேன், அதுவும் சத்தமான ரூம்னா கண்ணை மூடிக்கிட்டு. காசு இன்னும் கம்மின்னா பெரிங்கர் எக்ஸ்எம்8500 போதும், அதைக் கேவலமா நினைக்க ஒண்ணுமில்ல. ஆனா எங்களுக்கு ஒரே மைக்ல குரல், குழல், மிருதங்கம், கிட்டார் நாலும் வரணும். மேல் அதிர்வெண் அதிகமா வந்துட்டா அப்புறம் குறைச்சுக்கலாம், வராததைப் பிற்பாடு உண்டாக்க முடியாது. அதனால ஏடி2020. இவன் குரலோட கூர்மைக்கு மருந்து, மைக்கை வாய்க்கு நேரா வைக்காம 30 டிகிரி திருப்பி வைக்கிறது. ஒரு சாணுக்கும் கொஞ்சம் மேல தள்ளி நிக்கணும், மேல் ஸ்தாயிக்குப் போறப்போ அரை அடி பின்வாங்கணும். கூத்துல ஆடிப் பழகின கால், சொல்லவே வேண்டியதில்ல. மெலிசான குரல் உள்ளவங்க இதுக்கு நேர்மாறா நெருங்கிப் பாடலாம். இந்த மாதிரி கார்டியாய்டு மைக்குக்குக் கிட்டப் போகப் போகக் கீழ் ஒலி தானா கூடும்.

மைக்கை விட அறை பெரிசுங்கறதையும் சொல்லணும். குரல் நேரா மைக்குக்கும் போகும், மேஜையில பட்டும் வரும். அப்படித் திரும்பி வர்ற பாதை 34 சென்டிமீட்டர் அதிகம்னு வைங்க, ஒரு மில்லிவிநாடி தாமதம். ரெண்டும் சேர்றப்போ 500 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், 1,500-ல ஒண்ணு, 2,500-ல ஒண்ணுன்னு சீப்புப் பல் மாதிரி விழும். 'டப்பாவுக்குள்ள பாடின மாதிரி இருக்கு'ன்னு நாம சொல்றது பெரும்பாலும் இதைத்தான். முட்டை ட்ரே ஒட்டாதீங்க, பிரயோஜனம் ரொம்பக் கம்மி. ஹாஸ்டல்ல இருக்கிறதுலயே நல்ல ஒலி உறிஞ்சி நம்ம மெத்தைதான். பாடுறவன் முதுகுக்குப் பின்னாடி ரெண்டு மெத்தையை மூலையில சாய்ச்சு, மேல ஜமக்காளம் போட்டோம். ஏன் பாடுறவனுக்குப் பின்னாடின்னா, மைக் பார்க்குறது அந்தப் பக்கம்தான். மைக்கோட முதுகுக்குக் காது மந்தம், அந்தப் பக்கம் ஜன்னலும் ரோடும் இருக்கட்டும். கீழ் ஒலி மெத்தைக்கெல்லாம் அடங்காது. 100 ஹெர்ட்ஸோட கால் அலைநீளமே 86 சென்டிமீட்டர். அதனால சுவரை ஒட்டி உட்காராம அறைக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி உட்கார்றதுதான் வழி. இன்னொண்ணு: ஏடி2020-ஓட தலையில பாடக்கூடாது, பக்கவாட்டுல, கம்பெனி சின்னம் இருக்கிற பக்கம் பாடணும். இதை மேடை மைக் மாதிரி கையில பிடிச்சு உச்சியில பாடுற பல பேரைப் பார்த்திருக்கேன்.

வாத்தியங்களுக்கு வர்றேன். கிட்டாருக்கு 12-ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு அடி தூரம். ஓட்டைக்கு நேரா வெச்சா 'பொம் பொம்'னு வயித்துல இடிக்கும். குழலுக்கு ஊதுற துளைக்கு நேரா வைக்காதீங்க, நேர்க்காத்து மொத்தமும் மைக்ல அடிக்கும். கொஞ்சம் மேல இருந்து, ஊதுற துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவுல பார்த்து வைங்க. மிருதங்கம்தான் எங்களை அலைய விட்டுச்சு. வலந்தலையில வர்ற 'நம்' ஒரு உலகம், ரவை பூசின தொப்பியில வர்ற 'தொம்' வேற உலகம். ஒரே மைக்ல ரெண்டும் வரணும். வலந்தலைப் பக்கம் வெச்சா தொப்பி பக்கத்து ரூம்ல வாசிக்கிற மாதிரி கேட்குது. கடைசியில வாத்தியத்துக்கு முன்னாடி ரெண்டு அடி தள்ளி, நெஞ்சு உயரத்துல, தொப்பிப் பக்கமா ஒரு சாண் நகர்த்தி வெச்சப்போ சரியா வந்துச்சு. உங்க மிருதங்கத்துக்கு அந்த ஒரு சாண் வேற எங்கயாவது இருக்கும், ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் ஹெட்போன் போட்டுக்கிட்டு மைக்கை நகர்த்திப் பாருங்க. சத்தம் தாங்குமான்னு பயப்பட வேண்டாம். இந்த மைக் 144 டெசிபல் வரைக்கும் தாங்கும், உங்க காது தாங்காது.

லெவல் வைக்கிறப்போ உச்சம் மைனஸ் 12 டெசிபல்கிட்ட இருந்தா போதும். சிவப்பைத் தொட வைக்கணும்னு அவசியமே இல்ல. 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணா கீழ ஏகப்பட்ட இடம் இருக்கு. மென்பொருளுக்கு ஆடாசிட்டி, இலவசம்.

இதை எழுதுற வரைக்கும் நாலு பாட்டு முடிஞ்சிருக்கு. ரெண்டு பாக்கி, அதுல ஒண்ணுக்குச் சரணம் இன்னும் எழுதல. 'குரல் தட்டை'ன்னு சொன்னவருக்கு முதல் பாட்டை அனுப்பலாமான்னு கேட்டேன். "எல்லாம் முடியட்டும்டா, மொத்தமா அனுப்பலாம்"னு பாடகன் சொல்லிட்டான். பாக்கி வெச்சிருக்கான்.

மே மாசத்துக்கு அப்புறம் மைக் யாருக்குன்னு ஒரு சண்டை ஓடுச்சு. பாடுறவன்கிட்டயே இருக்கட்டும்னு நாங்க மூணு பேரும் சொன்னோம். "நாலு பேர் காசுடா, ஜூனியர்கிட்ட கொடுத்துட்டுப் போலாம்"ங்கறான் அவன். முடிவாகல. அதுவரைக்கும் அவன் அலமாரியில, காத்துப் புகாத டப்பாவுல, நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட இருக்கு. கடலோர ஊர்ல கண்டென்சருக்கு ஈரம் ஆகாது, படலத்துல ஈரம் ஏறினா பொரியுற மாதிரி 'பட் பட்'னு சத்தம் வரும். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல்லைத் தூக்கிப் போடாம எங்களுக்குக் கொடுங்க. மைக் இரவல் வேணும்னா தாராளமா வந்து கேளுங்க. திருப்பித் தர்றப்போ கேபிளை முழங்கையில முறுக்கிச் சுத்தாம, வட்டமா சுருட்டித் தாங்க. அப்புறம், சரணம் எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கு டப்பாவோட மைக்கை ஒரு வாரம் கொடுக்கவும் தயார்.